பிக், பிக்கர், மோர் பியூட்டிஃபுல்: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள், வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லா வயதினரும் வருகிறார்கள். வயது எதுவானாலும் இந்த ஒரு இடத்தில் எல்லோருக்கும் கால் இடறுகிறது: ஒன்றைவிட இன்னொன்று பெரியது, சிறியது, நல்லது என்று ஆங்கிலத்தில் சொல்வது. வகுப்பில் அவர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே எடுத்துவைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தின் பெயரைச் சொல்வேன். சொல்லின் கடைசியில் சேர்கிற இ-ஆர் என்ற இரண்டு எழுத்தையும் சுருக்கமாக 'அர்' விகுதி என்று வைத்துக்கொள்வோம்.

தமிழில் ஒப்பிடும்போது தடுமாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: 'மை பிரதர் இஸ் ஸ்ட்ராங் தேன் மீ.' நான் தவறு என்று சுழித்ததும், கீழேயே திருத்தி எழுதினான்: 'மை பிரதர் இஸ் மோர் ஸ்ட்ராங்கர் தேன் மீ.' இரண்டும் தவறுதான். ஆனால் அவன் கவனக்குறைவாக எழுதவில்லை. இரண்டையும் தமிழிலிருந்து ஒழுங்காக யோசித்தே எழுதியிருக்கிறான்.

'அண்ணன் பலசாலி.' 'அண்ணன் என்னைவிடப் பலசாலி.' இரண்டு வரியையும் பாருங்கள். 'பலசாலி' என்ற சொல்லில் ஒரு மாற்றமும் இல்லை. ஒப்பிடும் பாரத்தை எல்லாம் 'விட' சுமக்கிறது. இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்று திருக்குறள் சொல்லும்போது, பெற்ற நேரத்தைவிடப் பெரிதாக மகிழ்வாள் என்ற பொருளைத் தருவது 'பொழுதின்' என்பதில் உள்ள 'இன்' உருபு. 'பெரிது' பெரிதாகவே இருக்கிறது.

ஆங்கிலத்தில் பெயரடையே உருமாற வேண்டும். ஸ்ட்ராங் என்பது ஸ்ட்ராங்கர் ஆக வேண்டும். 'தேன்' எதோடு ஒப்பிடுகிறோம் என்று காட்ட மட்டும் வருகிறது. அந்தப் பையன் முதலில் 'விட'வுக்குப் பதிலாகத் 'தேன்' போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தான். அப்புறம் 'என்னைவிட இன்னும் பலசாலி' என்று மனதில் ஓட, 'இன்னும்' மோர் ஆயிற்று, 'அர்' விகுதியும் கூடவே ஒட்டிக்கொண்டது. 'மை பிரதர் இஸ் ஸ்ட்ராங்கர் தேன் மீ' என்பதே சரி.

சந்தேகம் வந்தால் 'தேன் மீ' என்ற பகுதியைக் கையால் மூடிவிட்டுப் படியுங்கள். 'மை பிரதர் இஸ் ஸ்ட்ராங்கர்': யாரோடோ ஒப்பிடுகிறோம் என்பது இன்னும் தெரிகிறது. தமிழில் 'என்னைவிட' என்பதை மூடினால் 'அண்ணன் பலசாலி' மட்டும் மிஞ்சும், ஒப்பீடு காணாமல் போய்விடும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிக்குமேல் தெளிந்துவிடும்.

எப்போது 'அர்' விகுதி, எப்போது 'மோர்'?

சொல்லின் நீளத்தைப் பொறுத்தது. ஒரே அசையில் (ஆங்கிலத்தில் சிலபிள்) முடிகிற சிறிய சொல் என்றால் 'அர்': சீப், சீப்பர், கோல்ட், கோல்டர், ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஹை, ஹையர். மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் முன்னால் 'மோர்': மோர் பியூட்டிஃபுல், மோர் எக்ஸ்பென்சிவ், மோர் டிஃபிகல்ட், மோர் இம்பார்ட்டன்ட்.

அசையை எண்ணும்போது ஒரு சிக்கல் வரும். 'ஸ்ட்ராங்' ஆங்கிலத்தில் ஒரே அசைதான். நம் வாயில் அது 'இஸ்ட்ராங்' என்று இரண்டாகிவிடுகிறது. எனவே நாம் உச்சரிக்கிற விதத்தை வைத்து எண்ணாமல், அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்டு எண்ணுங்கள். ஒரு தட்டில் முடிந்தால் ஒரு அசை.

ஒலிம்பிக் முழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்: 'ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்'. மூன்றும் ஓரசைச் சொற்களிலிருந்து வந்தவை, மூன்றிலும் 'அர்'. 2021ஆம் ஆண்டு அதோடு 'டுகெதர்' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். அது 'அர்' என்று முடிந்தாலும் ஒப்பீட்டுச் சொல் அல்ல, 'ஒன்றாக' என்று பொருள்.

அப்படியென்றால் இரண்டு அசைச் சொற்கள்?

இங்கேதான் ஆங்கிலம் வழுக்கும். 'வை' எழுத்தில் முடிகிற சொற்கள் 'அர்' பக்கம்: ஹேப்பியர், ஈசியர், ஹெவியர், பிஸியர். நேரோ, சிம்பிள், ஜென்டில், க்வயட் போன்றவையும் அப்படியே: நேரோவர், சிம்பிளர், ஜென்டிலர், க்வயட்டர். ஃபுல், லெஸ், இங், அஸ் என்று முடிகிறவை 'மோர்' பக்கம்: மோர் கேர்ஃபுல், மோர் யூஸ்லெஸ், மோர் போரிங், மோர் ஃபேமஸ். காமன், போலைட், கிளெவர் மாதிரிச் சில சொற்கள் இரண்டு பக்கமும் போகும். 'மோர் காமன்', 'காமனர்' இரண்டும் சரி.

எது என்று தெரியாத ஈரசைச் சொல்லுக்கு 'மோர்' போட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். 'வை'யில் முடிகிற சொற்களுக்கு மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். 'மோர் ஈசி', 'மோர் ஹேப்பி' காதில் உறுத்தும். இன்னொன்று: 'அன்' முன்னால் சேர்ந்து அன்ஹேப்பி என்று மூன்று அசை ஆனாலும் 'அன்ஹேப்பியர்' செல்லும். உள்ளே இருப்பது ஹேப்பிதானே.

'மோர் பெட்டர்' என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதில் என்ன தவறு?

பெட்டர் என்பதே 'அதைவிட நல்லது' என்ற பொருளை முழுதாகத் தந்துவிடுகிறது. அதன்மேல் 'மோர்' போடுவது, தயிர் பிசைந்த சோற்றில் மோரையும் ஊற்றுவது மாதிரி. வகுப்பில் இப்படிச் சொன்ன பிறகு இந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. 'மோர்' என்றதும் தயிர்ச்சோறு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது போலும்.

ஆனால் இந்தத் தவறைச் செய்கிறவர்களைக் கேலி செய்தால் எனக்குப் பிடிக்காது. ஆங்கிலேயர்களே பல நூற்றாண்டுகள் இப்படி எழுதியவர்கள்தான். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், புரூட்டஸின் கத்தி பாய்ந்த இடத்தைக் காட்டி ஆண்டனி 'மோஸ்ட் அன்கைண்டெஸ்ட்' என்கிறான். 'எல்லாவற்றிலும் மிக' என்று காட்டும் மோஸ்ட் ஒருமுறை, அதே வேலையைச் செய்யும் எஸ்ட் விகுதி ஒருமுறை, இரட்டை வலு. 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூல் இந்த இரட்டிப்பு முறையல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. அதற்கு முன்பே அது எழுத்து ஆங்கிலத்திலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்தது: 'லெஸ்ஸர்'. 'லெஸ்' என்பதே ஒப்பீட்டு வடிவம், அதன்மேல் இன்னொரு 'அர்'. 1755இல் வந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் அதைக் கொச்சைத் திரிபு என்று திட்டியிருக்கிறார். இன்று யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை.

அது பழைய கதை. இன்றைக்குத் தேர்விலும் வேலை விண்ணப்பத்திலும் 'மோர் பெட்டர்' எழுதினால் மதிப்பெண் போகும், மரியாதையும் போகும். 'இன்னும் நல்லது' என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'மச் பெட்டர்', 'ஈவன் பெட்டர்' இருக்கின்றன.

'பிக்' என்பதில் ஒரு 'ஜி'தான். 'பிக்கர்' எழுதும்போது ஏன் இரண்டு 'ஜி'?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதற்கான பதில் நம் நன்னூலிலேயே இருக்கிறது: 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்'. கல் + ஐ என்ன? கல்லை. ஒற்றை 'ல்' இரண்டாகிறது, ஏனென்றால் முன்னால் இருப்பது 'க' என்ற தனிக்குறில். கால் + ஐ? காலை. முன்னால் நெடில் இருப்பதால் இரட்டிக்கவில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. ஓரசைச் சொல்லில் ஒற்றை உயிரெழுத்து, அதன்பின் ஒற்றை மெய்யெழுத்து என்று முடிந்தால், 'அர்' சேரும்போது அந்த மெய் இரட்டிக்கும். பிக், ஹாட், தின், ஃபேட், வெட், சேட் எல்லாம் கல்லைப் போல. சீப், கூல், வீக், டீப் எல்லாம் காலைப் போல. அவற்றின் நடுவே இரண்டு உயிரெழுத்து நிற்கிறது, அதனால் இரட்டிக்காது. கோல்ட், ஃபாஸ்ட் போன்றவற்றில் கடைசியில் ஏற்கெனவே இரண்டு மெய் இருப்பதால் அங்கும் மாற்றமில்லை. டபிள்யூ, எக்ஸ், வை ஆகிய மூன்று எழுத்தும் இரட்டிப்பதே இல்லை: ஸ்லோவர், நியூவர் என்பவற்றில் ஒரே டபிள்யூ.

இரட்டிக்காவிட்டால் என்ன ஆகும்? டின்னர், டைனர் என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். முதலாவதில் இரண்டு 'என்', இரண்டாவதில் ஒரு 'என்'. மற்றபடி எழுத்துகள் ஒன்றே. ஒரு 'என்' குறைந்ததும் குறில் நெடிலாகிப் போய்விட்டது. 'தின்னர்' என்பதை ஒரு 'என்' போட்டு எழுதினால் படிப்பவர் 'தைனர்' என்றுதான் வாசிப்பார்.

ஒரு வேறுபாடும் உண்டு. 'கல்லை' என்பதில் 'ல்' இரட்டிப்பது காதுக்கும் கேட்கும். ஆங்கிலத்தில் அது காகிதத்தில் மட்டும்தான். பிக்கரில் எழுத்து இரண்டானாலும் ஒலி ஒன்றே. அழுத்தி உச்சரிக்க வேண்டாம்.

'வை', 'இ' எழுத்துகளில் முடிகிற சொற்கள்?

'இ' ஏற்கெனவே இருந்தால் 'ஆர்' மட்டும் சேர்த்தால் போதும்: லார்ஜர், நைசர், லேட்டர். மெய்யெழுத்தை அடுத்து 'வை' வந்தால் அது 'ஐ' ஆகும்: ஹேப்பியர், டிரையர். கிரே மாதிரி 'வை'க்கு முன் உயிரெழுத்து இருந்தால் 'வை' அப்படியே நிற்கும்.

குட், பேட், ஃபார் எல்லாம் ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

அதிகம் புழங்குகிற சொற்கள்தான் விதிக்கு வெளியே நிற்கின்றன. குட், பெட்டர், பேட், வர்ஸ், லிட்டில், லெஸ், மச் அல்லது மெனி, மோர். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். குட் என்ற வேரும் பெட்டர் என்ற வேரும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறு. 'வர்ஸர்' என்று எழுதாதீர்கள், வர்ஸ் போதும்.

ஃபார் என்பதற்கு இரண்டு வடிவம்: ஃபார்தர், ஃபர்தர். தூரத்தைச் சொல்ல இரண்டும் செல்லும். 'மேற்கொண்டு' என்ற பொருளில் ஃபர்தர் மட்டும்: 'ஃபர்தர் ஸ்டடீஸ்', 'ஃபர்தர் டீடெயில்ஸ்'.

இதில் எனக்கு வியப்பான ஒன்று 'நியர்'. பழைய ஆங்கிலத்தில் 'நை' என்றால் அருகில். அதன் ஒப்பீட்டு வடிவமாகத்தான் 'நியர்' பிறந்தது. எல்லாவற்றிலும் அருகில் இருப்பது 'நெக்ஸ்ட்'. காலப்போக்கில் நியர் சாதாரணச் சொல்லாகி, அதற்கும் 'நியரர்' என்று இன்னொரு விகுதி சேர்ந்தது. 'நெக்ஸ்ட்' தனியாகப் பிரிந்து 'அடுத்தது' ஆகிவிட்டது.

டயர்ட் சின்னச் சொல்தானே, 'டயர்டர்' என்று சொல்லலாமா?

கூடாது. வினைச்சொல்லிலிருந்து வந்த டயர்ட், போர்ட், ப்ளீஸ்ட் போன்றவற்றுக்கு நீளம் பார்க்காமல் 'மோர்' போட வேண்டும். ஃபன் என்பதற்கும் 'மோர் ஃபன்' தான்.

'ரொம்ப' என்று அழுத்திச் சொல்ல 'வெரி' போடலாமா?

இதுவும் தமிழ் வழியாக வருகிற தவறு. 'ரொம்பப் பெரிது', 'அதைவிட ரொம்பப் பெரிது' என்று இரண்டு இடத்திலும் நமக்கு ஒரே 'ரொம்ப'. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. 'வெரி பிக்' சரி, 'வெரி பிக்கர்' தவறு. ஒப்பீட்டு வடிவத்துக்கு முன்னால் மச், எ லாட், ஃபார் என்று போட வேண்டும்: 'மச் பிக்கர்'. கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் 'எ லிட்டில்' அல்லது 'ஸ்லைட்லி'. ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். 58 மீட்டர்தான் வேறுபாடு. எனவே 'ஆனைமுடி இஸ் ஸ்லைட்லி ஹையர் தேன் தொட்டபெட்டா.'

'ஹி இஸ் சீனியர் தேன் மீ' சரியா?

அலுவலகத்தில் தினமும் காதில் விழுகிறது, ஆனால் தவறு. 'சீனியர் டு மீ' என்று சொல்ல வேண்டும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் எல்லாம் இலத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவமாகவே வந்த சொற்கள். இவற்றுக்கு 'மோர்' தேவையில்லை, 'தேன்' ஒட்டாது. 'பிரிஃபர்' என்ற வினையும் இவற்றோடு சேர்த்தி: 'ஐ பிரிஃபர் காபி டு டீ.'

எல்டர், ஓல்டர்: எதை எங்கே?

எல்டர் குடும்ப உறவுக்கு, அதுவும் பெயருக்கு முன்னால் மட்டும்: 'மை எல்டர் சிஸ்டர்'. நாம் ஒரே சொல்லில் அக்கா என்று முடித்துவிடுவதை அவர்கள் இரண்டு சொல்லில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 'தேன்' வந்துவிட்டால் ஓல்டர்: 'ஷி இஸ் ஓல்டர் தேன் மீ.' 'எல்டர் தேன் மீ' எழுதக் கூடாது.

'தேன் ஐ'யா, 'தேன் மீ'யா?

பேச்சில் 'தேன் மீ' தாராளமாகச் சொல்லலாம். தேர்வில் கண்டிப்பான ஆசிரியர் திருத்துவார் என்று பயமிருந்தால் 'தேன் ஐ ஆம்' என்று முழுதாக எழுதிவிடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. அதைவிட அதிகம் பார்க்கிற தவறு எழுத்துக்கூட்டலில்தான். ஒப்பிடுகிற 'தேன்' என்பதில் 'ஏ' எழுத்து. 'இ' போட்டு எழுதினால் அது 'அப்புறம்' என்று பொருள்படும் வேறு சொல்.

'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' கேள்வியில் வாக்கியத்தை மாற்றும்போது எங்கே மதிப்பெண் போகிறது?

முதல் இடம், 'அதர்' என்ற சின்னச் சொல். 'ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் சவுத் இந்தியா' என்று எழுதினால், தென்னிந்தியச் சிகரங்களில் ஆனைமுடியும் ஒன்று என்பதால், அது தன்னைவிடவே உயரம் என்று ஆகிவிடும். 'எனி அதர் பீக்' என்று எழுத வேண்டும். எவரெஸ்ட்டைச் சொல்லும்போது 'அதர்' தேவையில்லை, அது தென்னிந்தியாவில் இல்லையே. ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்வது இப்படி:

'நோ அதர் பீக் இன் சவுத் இந்தியா இஸ் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி.'
'ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் சவுத் இந்தியா.'
'ஆனைமுடி இஸ் த ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா.'

இரண்டாவது இடம், 'ஒன் ஆஃப் த பிக்கஸ்ட்' வகை. 'சென்னை இஸ் ஒன் ஆஃப் த பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா' என்பதில் 'சிட்டீஸ்' பன்மை. பலர் 'சிட்டி' என்று ஒருமையில் எழுதுகிறார்கள். இதை மாற்றினால் 'சென்னை இஸ் பிக்கர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இந்தியா', அப்புறம் 'வெரி ஃப்யூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை'. 'ஆஸ்' இரண்டுக்கும் நடுவே வருவது எப்போதும் வெறும் பெயரடை. 'ஆஸ் பிக்கர் ஆஸ்' என்று ஒன்று கிடையாது.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. 'சென்னையின் மக்கள்தொகை மதுரையைவிட அதிகம்' என்று தமிழில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் மக்கள்தொகையை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாக ஆகும். 'த பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் தட் ஆஃப் மதுரை' என்று, 'தட் ஆஃப்' சேர்க்க வேண்டும். மக்கள்தொகையோடு மக்கள்தொகை, ஊரோடு ஊர்.

குறைவு என்று சொல்வது எப்படி?

நீளச் சொல்லுக்கு 'லெஸ்' பொருந்தும்: 'லெஸ் எக்ஸ்பென்சிவ்'. சின்னச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லையோ 'நாட் ஆஸ்' என்பதையோ பயன்படுத்துவதுதான் இயல்பு: 'சீப்பர்', 'நாட் ஆஸ் ஹை ஆஸ்'.

'பர்ஃபெக்ட்' என்றால் குறையே இல்லாதது. அதற்கு 'மோர்' போடலாமா?

கூடாது என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையிலேயே 'எ மோர் பர்ஃபெக்ட் யூனியன்' என்று இருக்கிறது. 'முழுமைக்கு இன்னும் நெருங்கிய' என்று அங்கே பொருள். ஆனால் தேர்வுத்தாளில் பர்ஃபெக்ட், யூனிக் போன்ற சொற்களுக்கு 'மோர்' போடாமல் இருப்பதே பாதுகாப்பு.

'எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது' என்பதை எப்படிச் சொல்வது?

'த சூனர், த பெட்டர்.' இரண்டு பக்கமும் 'த', இரண்டு பக்கமும் ஒப்பீட்டு வடிவம். 'எவ்வளவு'வுக்கு ஒரு 'த', 'அவ்வளவு'வுக்கு ஒரு 'த' என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இருவரில் ஒருவரைக் குறிப்பிடும்போதும் 'த' வரும்: 'த யங்கர் ஆஃப் த டூ'.

லாங்கர், ஸ்ட்ராங்கர் என்பவற்றை உச்சரிப்பதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

லாங் என்று சொல்லும்போது கடைசி 'ஜி' ஒலிப்பதில்லை, மூக்கொலியோடு நின்றுவிடும். லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர் என்று ஆனதும் அந்த 'ஜி' விழித்துக்கொள்ளும். சங்கம், தங்கம் என்று சொல்லிப் பாருங்கள், அந்த 'ங்க' ஒலிதான். எனவே இந்த மூன்றையும் தமிழ் வாய் பழக்கமில்லாமலே சரியாகச் சொல்லிவிடுகிறது. நாம் பிசகுவது 'சிங்கர்' என்ற சொல்லில். பாடுகிறவரைக் குறிக்கிற அதில் 'அர்' இருந்தாலும் ஒப்பீடு இல்லை, 'ஜி'யும் ஒலிக்காது. 'சிங்' என்று மூக்கில் நிறுத்தி, அப்படியே 'அர்' சேர்க்க வேண்டும்.